அஞ்சரைக் கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு

என் மகனுக்குக் குரல் உடைந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் நடுங்கியது நான்தான். அவனுக்குப் பதிமூன்று முடிந்து பதினாலு நடந்துகொண்டிருந்தது. எனக்கு நாற்பத்தேழு. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, வயதை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்கு வருத்தமில்லை.

தில்லைநகரில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையில் இருக்கிறேன். டைல்ஸ் மட்டுமில்லை, வாஷ்பேசின், குழாய், ஷவர், கிளாசட் எல்லாம் உண்டு. வருகிறவர்களைச் சிரிக்கவைத்தே கிளாசட் விற்கிறவன் என்று எனக்குக் கடையில் பெயர். ஒருவர் ஒரு பொருளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதை வாங்காமல் போகமாட்டார் என்பது என் இருபது வருட அனுபவம். அந்த அனுபவத்தைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் முதல் தப்பு.

மகன் ஆறு வயதிலிருந்து பாட்டு கற்றுக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கம் போவோம். சித்திரை வீதியில் ஒரு மாடி வீட்டில் டீச்சர் வகுப்பு எடுக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், அதில் பதினொரு பேர் பெண்கள். எல்லாருக்கும் அஞ்சரைக் கட்டை. கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு ஓர் எண். பாடுகிறவர் எந்த உயரத்தைத் தன் ‘ஸா’ என்று வைத்துக்கொள்கிறார் என்பதுதான் கணக்கு. பெண்களும் சின்னப் பையன்களும் அஞ்சு, அஞ்சரையில் பாடுவார்கள். வளர்ந்த ஆண்கள் ஒன்று, ஒன்றரை. அஞ்சரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே ஒரு பையன் ஒரு வருடமோ இரண்டு வருடமோ எங்கே நிற்பது என்பதற்கு யாரும் எண் போட்டு வைக்கவில்லை.

அந்த வகுப்பில் பையன்கள் ஏன் தங்குவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. என் மகன் சேர்ந்தபோது நாலு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் மிருதங்கத்துக்குப் போனான். ஒருவன் டியூஷனுக்குப் போனான். மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயில் இடம் காலியாக இருந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது, வகுப்புக்கே ஒரே ஆம்பளைப் பாடகன் என் பையன்தான் என்று டீச்சரிடமே ஜோக் அடித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. எனக்கு அது உறைக்கவுமில்லை.

போன வருடம் மார்கழிக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் ஒரு சபா நடத்திய சிறுவர் போட்டியில் அவனுக்கு இரண்டாம் பரிசு. அஞ்சரைக் கட்டையில் ஒரு கீர்த்தனை பாடினான். அனுபல்லவியில், அதாவது பாட்டின் இரண்டாம் பகுதியில், ஸ்வரம் ஏறி மேல் ஸாவைத் தொடும் இடத்தில் அவன் குரல் போய் நின்றது, மெழுகுவர்த்திச் சுடர் காற்றில்லாத அறையில் நிற்கிற மாதிரி. முந்தின நாள் வீட்டில் அதே மாதிரி பாடிப் பார்த்ததன் பதிவு என் போனில் இருந்தது. கடைக்குக் குழாய் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டார்கள் என்பதைவிட, பில் போடும்வரை அவர்களால் வெளியே போக முடியவில்லை என்பதே சரி.

அப்புறம் ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து “அம்மா, டவல்” என்று ஒரு சத்தம். ‘அம்மா’ என் மகன் குரலில் வந்தது. ‘டவல்’ வேறு யாரோ ஓர் ஆளுடைய குரலில் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். உள்ளே இரண்டு பேர் குளிக்கிறார்களா என்று கதவைத் தட்டிக் கேட்டேன்.

அதோடு விட்டேனா? முசிறியில் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். யாரோ பையன் எப்படிப் பாடுகிறான் என்று கேட்டார்கள். நான் அவனைப் போலவே பாடிக் காட்டினேன். பாதியில் என் குரலைக் கிழித்து, சேவல் மாதிரி ஒரு சத்தம் போட்டு, மறுபடி கீழே விழுந்து காட்டினேன். கூட்டம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, பையன் நம்மைப் போல ஜாலியான ஆள் என்று.

முசிறியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஒன்றும் பேசவில்லை. தூக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் பேசவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் மனைவி கவனித்துச் சொன்னாள். அவன் தலையாட்டுகிறான், புருவத்தைத் தூக்குகிறான், தோசை போதும் என்பதைக் கையை விரித்துச் சொல்கிறான். கடைக்கு அனுப்பினால் சீட்டு எழுதித் தரச் சொல்கிறான். பள்ளியில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்காமல் கையைத் தூக்குகிறானாம், அவன் வகுப்பாசிரியை போனில் சொன்னார். பாட்டு வகுப்பில் மட்டும் வாயைத் திறந்தான், அதுவும் பெண்களின் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது, நான் சாமான் வாங்குவேன். சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு, மிளகு, மூன்று தினுசுத் தேன். காலையில் ஒரு கஷாயம், மாலையில் ஒரு கஷாயம். என் நண்பர் ஒருவருடைய பையனுக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க நானே டோக்கன் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் டார்ச் அடித்து என் தொண்டையைப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஒன்றுமில்லையே என்றார். எனக்கில்லை, நண்பர் பையனுக்குக் குரல் உடைகிறது என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, மீசை முளைப்பதற்கு நான் மருந்து தருவதில்லை, இதற்கும் தருவதில்லை, கத்தாமல் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள், காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார். காத்திருப்பது எனக்கு வராத ஒரே வேலை.

டீச்சர் இதை வேறு விதமாகக் கையாண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாம் போன பிறகு அவனை மட்டும் உட்காரவைத்து, சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போனார். நாலு, மூன்று, இரண்டு. ஒன்றரைக்கு வந்தபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஸா வந்தது, கனமாக, தரையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அது என் மகன் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

இந்த வருடம் போட்டி வேண்டாம், மேல் ஸா இன்னும் நிற்கவில்லை என்று டீச்சர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். காரணம் மட்டும் வேறு. பெயர் கொடுப்பேன் என்று அவன்தான் பிடிவாதமாக நின்றான். சரி, அப்படியென்றால் தெரிந்த பாட்டையே பாடு, மேலே போகும்போது அழுத்தாமல் தொட்டுவிட்டு வந்துவிடு என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். அவன் போன வருடம் பாடிய அதே கீர்த்தனையை எடுத்துக்கொண்டான்.

முதல் சுற்றுக்குப் பாட்டைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பையனுக்குத் தனியாக போன் கிடையாது, என் போன்தான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது தடவை பாடினான். வெளியே வந்து போனை என்னிடம் கொடுத்தான். ஒன்பதாவதுக்கு ‘இதுதான்’ என்று பெயர் வைத்திருந்தான். நாளைக்கு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று சைகையில் சொன்னான். கைக்கடிகாரமே இல்லாத மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

சனிக்கிழமை கடையில் வாஷ்பேசின்களுக்கு நடுவே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பல்லவி போயிற்று. அனுபல்லவி வந்தது. மேல் ஸாவுக்கு ஏறினான். அங்கே குரல் கீறியது. நான் முசிறியில் போட்டுக் காட்டிய சத்தம், அச்சு அசலாக அதே சத்தம். நான் அதை நிறுத்தினேன்.

இப்போது யோசித்தால், அந்த நிமிடத்தில் நான் அவனைப் பற்றி யோசிக்கவே இல்லை. போட்டி நடத்துகிற நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே வேலை மெனக்கெட்டு ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்தவன். அவனைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்துக்கொண்டேன். விரல் தானாகக் கீழே தள்ளி, போன வருடத்துப் பதிவைத் தேடி எடுத்தது. அனுப்பினேன். போட்டிப் படிவத்தில் சுருதி என்ற இடத்தில் அஞ்சரைக் கட்டை என்று நிரப்பினேன். அனுப்பிய தடயம் என் போனில் இருந்தால் அவன் பார்த்துவிடுவானே என்று அதை அழித்தேன். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்கு இரண்டு ஷவர் விற்றேன். நல்ல மூடில் இருந்தேன் என்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை செய்தி வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறான். கீழே ஒரு வரி: குரல் மிக இனிமை. அவன் பள்ளியிலிருந்து வந்ததும் அவன் அம்மா போனை நீட்டினாள். அவன் படித்தான். சோபாவில் உட்கார்ந்து மறுபடி படித்தான். அப்புறம், எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, முழுசாக ஒரு வாக்கியம் பேசினான்.

“நான் உடைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்பா. இனிமைன்னு போட்டிருக்காங்க.”

அந்த வாக்கியத்திலேயே குரல் இரண்டு இடத்தில் சறுக்கியது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அன்று மாலையே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். அணை திறந்த மாதிரி. தினசரியை எடுத்துச் சத்தமாகப் படித்தான். தெரு முனைக் கடைக்குப் போய் அரைக் கிலோ தக்காளியும் கொஞ்சம் கொத்தமல்லியும் என்று புதுக் குரலில் கேட்டு வாங்கி வந்தான். போனில் உறவுக்காரர்கள் அவனை நான் என்று நினைத்துப் பேசத் தொடங்க, அவன் திருத்தாமல் ரெண்டு நிமிடம் பேசி அவர்களை ஏமாற்றினான். என் பிள்ளைதான், சந்தேகமில்லை. காலையில் எழுந்ததும் ஒன்றரைக் கட்டையில் சுருதி ஓடும். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வேன், கேட்காமல் இருப்பதற்கு. அவனுடைய சந்தோஷம் முழுக்க ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது, அதை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவன் நான். அசைந்தால் விழும். அசையாவிட்டாலும் இன்னும் பத்து நாளில் மேடையில் விழும்.

சபாவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். பணிவான குரல். இறுதிச் சுற்றில் வயலினும் மிருதங்கமும் உண்டு, உங்கள் பையனுக்கு அஞ்சரைக் கட்டைதானே, மிருதங்கக்காரரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். மிருதங்கம் ஒவ்வொரு சுருதிக்கும் வேறு; அஞ்சரைக்குச் சின்னது, ஒன்றரைக்குப் பெரியது. மேடைக்கு எதைத் தூக்கி வருவது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நான் இதோ கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என் சொந்த மகனின் சுருதியை யாரிடம் கேட்டுச் சொல்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டால் என்ன? என் எண் அவர்களிடம் இருக்கிறது, எனவே கடை லேண்ட்லைனிலிருந்து, ஒரு சித்தப்பா பேசுவது போல, குரலை மாற்றிப் பேசுவது. எண்களை அழுத்தினேன். அந்தப் பெரியவர் ஹலோ என்றதும் எந்தச் சித்தப்பாவும் எனக்குள் வரவில்லை. வைத்துவிட்டேன். அவர் திருப்பி அழைத்தார். எடுத்தது எங்கள் முதலாளி.

“ஏதோ பாட்டு சபாவாம்ப்பா. நம்ம நம்பர்லேர்ந்து போன் வந்துச்சாம். என்ன, அங்க எதுவும் லீக்காவுதா?”

லீக்குதான் முதலாளி, என் வீட்டில், என்று சொல்லியிருக்கலாம். ராங் நம்பராக இருக்கும் என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா பாடினேன்?”

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். இந்தக் கேள்வியில் பிடித்துக்கொண்டு தப்பிக்க எந்த விளிம்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வழியில், காவிரிப் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் ஒரு மினி லாரி. அவன் பின் சீட்டில். நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பதுதான். அதிலும் கோழைத்தனம். ஆனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. முதல் தடவை சொன்னது அவன் காதில் விழவில்லை. என்னப்பா என்றான். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் கத்திச் சொன்னேன், நீ பாடினதை நான் அனுப்பவில்லை, போன வருடத்தை அனுப்பினேன் என்று. பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த கணவனும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முழுக்கக் கேட்டுவிட்டது.

என் தோளில் இருந்த அவன் கை எடுக்கப்பட்டது. பஸ் நகர்ந்தது. பாலம் முடிந்து மாம்பழச் சாலை வந்ததும் நிறுத்து என்றான். நிறுத்தினேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வேலை இருந்திருக்கும்.

“ஏன்?” என்றான்.

எனக்கு இரண்டு ஜோக் தயாராக வந்து நின்றன. சத்தியமாக வந்தன. இரண்டையும் விழுங்கினேன்.

“பயந்துட்டேன்டா.”

“கொரல் ஒடைஞ்சது எனக்குத்தானே. நீங்க எதுக்குப் பயந்தீங்க?”

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசுகிறவன். கடையில் புதிதாக வந்த வாடிக்கையாளரிடம் நான் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினான். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று எழுத நினைக்கிறேன், ஆனால் அவன் என்னை அடிப்பான் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை, எனவே ஒப்பிட வழியில்லை.

போனைக் கொடுங்க என்றான். கொடுத்தேன். சபாப் பெரியவரின் எண் எது என்று கேட்டான். காட்டினேன். அந்தச் சாலையோரத்தில், ஆட்டோக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வாரக்கணக்கில் வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காதவன் ஓர் அந்நியரிடம் பேசினான்.

“சார், பாட்டுப் போட்டிக்கு செலக்ட் ஆன பையன் பேசறேன். நீங்க கேட்டது போன வருஷம் பாடினது சார். வீட்லேர்ந்து தப்பான ஃபைல் போயிடுச்சு. இப்ப எனக்கு ஒன்றரைக் கட்டை. இந்த வருஷம் பாடினதை இப்ப அனுப்பறேன். நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க.”

‘கட்டை’ என்ற இடத்தில் குரல் கீச்சென்று போயிற்று. அவன் நிறுத்தி, மறுபடி ‘கட்டை’ என்று கீழே சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். யார் அனுப்பியது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். வீட்லேர்ந்து சார், என்று மட்டும் மறுபடி சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது பதிவை அவனே அனுப்பினான்.

புதன்கிழமை பதில் வந்தது. காலக்கெடு முடிந்துவிட்டதால் சேர்க்க இயலவில்லை, அடுத்த இடத்தில் இருந்தவரை அழைத்திருக்கிறோம். கேட்டார்களா இல்லையா, கேட்டு என்ன நினைத்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. நான் நேரில் போய் அந்தப் பெரியவரைப் பார்த்து, தப்பு என்னுடையது, தெரிந்தே செய்தது என்று சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பட்டியல் அச்சாகிவிட்டது சார் என்றார். அது நியாயம்தான். வேறு ஒரு பையன் அதற்குள் வீட்டில் துள்ளிக் குதித்திருப்பான். அவனைப் பற்றியும் நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

போட்டி போனதில் என் மகன் பெரிதாக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. அவன் தோற்கத் தயாராகத்தான் பாடியிருக்கிறான். தோற்கவும் விடாமல் செய்தது நான். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். அம்மாவிடம், நண்பர்களிடம், தெரு முனைக் கடையில். என்னிடம் மட்டும் தேவைக்கு, அதுவும் மரியாதையோடு. சாப்பிட வாங்க. போன் வந்துச்சு. கெளம்பலாமா. நான் வீட்டில் ஜோக் அடிப்பதை நிறுத்தினேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

டீச்சரிடமும் நானே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சுருதிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். வந்தது வேறு.

“நான் மட்டும் என்ன பண்ணினேன் சார்? இத்தனை வருஷமா, கொரல் மாறித்துன்னா ஒரு வருஷம் கழிச்சு வாங்கோன்னு பையன்களை அனுப்பிச்சுடுவேன். எனக்கு அவா சுருதியிலே பாடிக் காட்ட வராதே. ஒருத்தரும் திரும்பி வரலை.”

அதற்கப்புறம் அவர் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குத் தனி வகுப்பு வைத்தார், பெண்கள் ஒன்பதுக்கு வருவதற்கு முன். அவர் ஒரு வரியைத் தன் அஞ்சரையில் பாடுவார். சுருதிப் பெட்டியை இறக்குவார். அவன் அதே வரியைத் தன் ஒன்றரையில் தேடிப் பிடிப்பான். சில வாரம் ஒரு மணி நேரத்தில் நாலு வரிதான் நகரும் என்று அவன் அம்மாவிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானாக எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, ஏனென்றால் நான் மாடிக்குப் போவதில்லை. முதல் நாளே, நீங்க கீழயே இருங்க என்றான். இருந்தேன். மார்கழி முடிந்தது, தை முடிந்தது, மாசியும் வந்தது. சித்திரை வீதியில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருப்பேன், மேலிருந்து என்ன கேட்கிறதோ அதைக் கேட்பேன். வீதியில் ஆட்டோ போனால் அதுவும் கேட்காது.

போன ஞாயிறு அவன் படியில் கால் வைத்துவிட்டு நின்றான். திரும்பாமலே, வரணும்னா வாங்க என்றான். அப்புறம், எதுவும் சொல்லக் கூடாது என்றான். சபாஷ்கூட வேண்டாம் என்றான். சரி என்றேன்.

சுவரோரம் உட்கார்ந்தேன். டீச்சர் எனக்கு ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டு சுருதியைப் போட்டார். அவன் அந்தக் கீர்த்தனையைத்தான் எடுத்தான். பல்லவி கீழே வரும்போது அறையின் தரை அதிர்ந்த மாதிரி இருந்தது. அவன் குரலில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அனுபல்லவி தொடங்கியது. ஏறினான். மேல் ஸாவின் வாசலில் குரல் கீறியது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனாலும் கீறியது.

அப்போதுதான் கவனித்தேன், அவன் டீச்சரைப் பார்க்கவில்லை. அந்த வரி ஆரம்பித்ததிலிருந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். எந்த வாடிக்கையாளருக்கு எந்த முகம் என்று தெரியும். அந்த ஒரு நொடியில் என் முகம் என்ன செய்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமும் இல்லை. அவனுக்குத்தான் தெரியும், அவனிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அவன் கண்ணை எடுத்துக்கொண்டு, அதே வரியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.